கோட்டை வாசல் சிப்பாய்

குதிரைக்கு வெந்த கொள்ளு வடித்துக்கொண்டிருந்தாள் மாதம்மாள். சட்டியின் வாய்க்குத் தட்டை அணைத்துச் சாய்த்துப் பிடித்திருந்தபோது வாசலில் யாரோ செருப்பை உதறிக் கழற்றும் சத்தம் கேட்டது. வண்டிக்கார உசேனாக இருந்தால் தெருமுனையிலிருந்தே இருமிக்கொண்டு வருவான். இது வேறு ஆள். திரும்பிப் பார்த்தவளுக்குக் கை தடுமாறி, சுடுதண்ணீர் கட்டைவிரலில் கொட்டியது.

தீர்த்தகிரி நின்றுகொண்டிருந்தார். அவள் புருஷன் காளியப்பனின் கூடப்பிறந்த அண்ணன். ஐந்து வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர்.

இண்டூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் செம்புழுதி. தோளில் ராகி மாவு மூட்டை ஒன்று. அதை இறக்கி வாசல்படியின் ஓரமாக வைத்துவிட்டு, "எங்க?" என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

மாதம்மாள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு உள்ளே கையைக் காட்டினாள். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. பேசும்படி அவரும் வைத்துக்கொண்டதில்லை.

கயிற்றுக் கட்டிலில் காளியப்பன் மல்லாந்து கிடந்தான். காமாலை கண்டு ஒன்றரை மாதம் ஆகிறது. கண்ணில் தொடங்கிய மஞ்சள் நகத்துக்கு வந்து, உள்ளங்காலுக்கு வந்து, பத்து நாளாக வயிறு வேறு ஊதிக்கொண்டது. கீழாநெல்லி கொடுத்தாயிற்று, பாப்பாரப்பட்டி வைத்தியர் வந்து பார்த்தாயிற்று. இனிமேல் அலைக்கழிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தீர்த்தகிரி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். தம்பியின் பாதத்தைத் தொடக் கையைக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தி, தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேச்சு இருக்குதா?"

மாதம்மாள் மகளைப் பார்த்தாள். சாலாவுக்கு ஒன்பது வயது. அம்மாவின் பார்வையைப் புரிந்துகொண்டு, "நேத்துல இருந்து இல்லீங்க பெரியப்பா" என்றாள்.

"தண்ணி எறங்குதா?"

"கரண்டில ஊத்துனா கொஞ்சம் எறங்குதுங்க."

பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆக வேண்டியது ஆனதும் ரெண்டு பேரும் இண்டூருக்கு வந்துடணும். இங்க யாரு இருக்காங்க உங்களுக்கு? குதிரையையும் வண்டியையும் தள்ளி வுட்டுடலாம். சந்தையில கேக்கறதுக்கு ஆளு இருக்குது."

கட்டிலில் காளியப்பனின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுகிற பேச்சா இது? மாதம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, கொள்ளுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கொட்டகையில் சிட்டு காதை மடக்கிக்கொண்டு நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட செந்நிறப் பெண் குதிரை. எசமான் படுத்ததிலிருந்து அதற்கும் தீனி சரியாக இறங்கவில்லை. இன்றைக்கும் கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"நீயும் என்ன எதுக்குடி இப்படிப் படுத்தற?" என்றாள் மாதம்மாள். யாருக்கும் கேட்டிருக்காது.

இந்தக் குதிரையால் வந்ததுதான் அண்ணன் தம்பிப் பகை. காளியப்பன் தன் பங்குக்கு வந்த உழவுமாட்டைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி, தர்மபுரியில் ஜட்கா ஓட்ட வந்தான். அதையாவது தீர்த்தகிரி பொறுத்துக்கொண்டார். முப்பத்தெட்டாம் வருஷம் சேலத்திலிருந்து இரண்டு பேர் ஜட்கா ஸ்டாண்டுக்கு வந்து, ராஜா ராணி டாக்கிப் படம் ஒன்று பிடிக்கிறோம், பழக்கிய குதிரைகளும் அவற்றை மேய்க்கத் தெரிந்த ஆள்களும் வேண்டும் என்றார்கள். காளியப்பன் சிட்டுவை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆடி மாத உழவுக்கு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தான், வரவில்லை. அப்பன் திதிக்கும் வரவில்லை. நாற்பது நாள் கழித்துக் காதோரத்தில் ரோஸ் பவுடரோடு திரும்பி வந்து நின்றவனை, நாலு பேர் பார்க்க ஸ்டாண்டிலேயே வைத்து, "கூத்தாடப் போனவன் எனக்குத் தம்பியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன். அதற்குப் பிறகு வாராவாரம் சந்தைக்கு வருவார். ஸ்டாண்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வார்.

படத்துக்கு ஏதோ நீளமான பெயர். தர்மபுரியில் அதைக் குதிரைப் படம் என்றுதான் சொல்வார்கள். தோட்டக்காரன் வேஷத்தில் வந்து ராஜகுமாரியைக் காதலிக்கிற ராஜகுமாரன், சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் சேனாதிபதி, அவன் பேச்சைக் கேட்டு ராஜாவின் பாலில் விஷம் கலக்கும் தோழிப்பெண் என்று போகும் கதை. கடைசியில் ராஜகுமாரன் கோட்டைக்குள் பாய்ந்து வருவான். சேனாதிபதி வாசலில் ஒரு சிப்பாயை நிறுத்தி, "வீரா! வாயிலை விட்டு அசையாதே!" என்று கட்டளையிட்டுவிட்டு மேலே ஓடிவிடுவான். அந்தச் சிப்பாய்தான் காளியப்பன். ராஜகுமாரனுக்கென்று பிடித்துவந்த ஆண்குதிரை முரடு என்பதால் அவன் ஏறி வருவது சிட்டுவின்மேல். இறங்கி ஒரே குத்து. சிப்பாய் நாலு படி உருண்டு வானத்தைப் பார்த்துக் கிடப்பான். ராஜகுமாரன் அவனைத் தாண்டிக் காலை வைத்து மேலே ஏறுவான். அப்புறம் சேனாதிபதி அகழியில் விழுவான், கல்யாணம் நடக்கும், சுபம்.

"என் குதிர மேலயே ஏறி வந்து என்னையே குத்திப்புட்டான் பாரு" என்று காளியப்பன் ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஆனால் டெண்ட் கொட்டகையில் முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு மாதம்மாள் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

"நாந்தான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறனே, எதுக்குடி அழுவற?"

"உங்களுக்கா அழுவறேன்? அங்க செத்தானே, அந்தாளுக்கு அழுவறேன். ஒருத்தன் குனிஞ்சு பாத்தானா? தாண்டிக்கிட்டுப் போறானுங்க. அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா இல்ல? அவகிட்ட யாரு போயிச் சொல்லுவாங்க?"

காளியப்பன் அப்போது சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் குதிரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்தப் பழக்கம் வந்தது. வண்டியில் ஏறுகிறவர்கள் படத்தைப் பற்றிக் கேட்டால், "கல்யாணத்தோட முடிச்சுட்டாங்க. பந்தல யாருங்க பிரிச்சா? எச்சில எடுத்தது யாரு? அத யாராச்சும் காட்டுனாங்களா?" என்பான். ராஜா ராணியை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தொடங்குவான். விஷம் கலந்த தோழிப்பெண் ஊரைவிட்டு ஓடி, ஒரு தையற்காரனைக் கட்டிக்கொண்டு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். சிறைக்காவலன் சாவிக்கொத்தைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டான். அகழியில் விழுந்த சேனாதிபதி நீந்திக் கரையேறி, சேலத்தில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறான். வண்டியில் இருப்பவர்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். "அந்த வாசல்ல நின்ன சிப்பாய் பொண்டாட்டி?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும், "அத எங்கூட்டுக்காரிதான் சொல்லணும்" என்று நிறுத்திவிடுவான்.

மாதம்மாள் சொன்னதே இல்லை. அவளுக்குத் தெரியவும் இல்லை.

பத்து நாள் முன்பு, பேச்சு இன்னும் இருந்தபோது, கஞ்சியைப் புகட்டிக்கொண்டிருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தான். "அந்தச் சிப்பாய் பொண்டாட்டி என்ன ஆனான்னு யோசிச்சியா?"

"பேசாம குடிங்க."

"நான் யோசிச்சிட்டேன். அழுதா. ரொம்ப அழுதா. அப்புறம் எழுந்துபோயிக் குதிரைக்குத் தண்ணி காட்டுனா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பொழச்சா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சியை ஆற்றினாள். வெகுநேரம் ஆற்றினாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

*

உச்சிப்பொழுதில் உசேன் வந்தான். ஸ்டாண்டில் காளியப்பனுக்குப் பக்கத்து வண்டிக்காரன். அடுத்த வீட்டிலிருக்கும் அவன் அக்கா ஜான் பீயும் கூட வந்தாள். இரண்டு பேருமாகக் காளியப்பனைப் புரட்டி, விரிப்பை மாற்றினார்கள். தீர்த்தகிரி வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"காளியப்பன் வூடு இதுங்களா?"

பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினால் எப்படியிருக்கும், அப்படியொரு குரல். வீடே ஒருமுறை அதிர்ந்து அடங்கிற்று. தீர்த்தகிரி தேள் கொட்டியவர்போல் எழுந்து திரும்பினார்.

வாசலில் ஒல்லியாக ஒரு மனிதர். நரைத்துக் கொட்டிப்போன தலை, மீசையில்லாத முகம், எண்ணெய்க்கறை படிந்த சட்டை, கையில் துணிப்பை. சண்டைக்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். ஒரு பக்கக் கன்னம் முழுக்கக் கருப்பு. மாதம்மாளுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. உசேனும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

தீர்த்தகிரி இரண்டு அடி முன்னால் போனார்.

"நீதான அது?" என்றார். "கோட்டை வாசல்ல எந்தம்பிய நிறுத்திப்புட்டு ஓடுனவன் நீதான?"

ஜான் பீ தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். மாதம்மாள் வந்தவரைப் பார்க்கவில்லை. மூத்தாரைப் பார்த்தாள். அந்தச் சங்கதி விளம்பரத்தாளில் இல்லை. யாரும் அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. டெண்ட் கொட்டகை மணலில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். அந்தக் குரலும் தெரியும்.

வந்தவர் கையைக் கூப்பினார். "ஆமாங்க. நாந்தானுங்க. பேரு வஜ்ரவேலு."

"ஒருவாட்டி குனிஞ்சாவது பாத்தியா அவன?"

"இல்லீங்க. மேல ஏறிப்போயி அகழியில குதிக்கணும்னு சொல்லியிருந்தாங்க. குதிச்சேன். குதிச்சதுல காலு பிசகிப்போயி எழுந்திருக்க முடியல. அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் கண்டுக்கல. செத்துக் கெடந்த சிப்பாய்தான் எழுந்து ஓடியாந்து என்னத் தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டுப் போனான்." அவர் சட்டைப்பையைத் துழாவி ஒரு கார்டை எடுத்தார். "முந்தாநேத்து இது வந்துச்சுங்க."

தீர்த்தகிரி கார்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். எழுத்து வாசிக்கத் தெரியாது அவருக்கு. சாலா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். மாதம்மாள் அவளை இழுத்து முன்னால் விட்டாள்.

"நீயா எழுதுன?"

"அப்பா சொல்லச் சொல்ல எழுதுனேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

"படி."

சாலா கார்டை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ராகத்திலேயே படித்தாள். "சேனாதிபதி அவர்களுக்குச் சிப்பாய் காளியப்பன் எழுதிக்கொண்டது. நான் இந்தத் தடவை நிசமாகவே சாகிறேன். சௌகரியப்பட்டால் வந்து பார்க்கவும். குதிரை சுகம்."

உசேன் சிரித்துவிட்டான். சிரித்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, திரும்பி நின்றுகொண்டான். தீர்த்தகிரி ஒதுங்கி வழிவிட்டார்.

வஜ்ரவேலு கட்டிலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "காளியப்பா" என்றார் மெதுவாக. அசைவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரையும் ஒருமுறை மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, அந்தக் குரலை முழுசாக எடுத்தார்.

"வீரா! வாயிலை விட்டு அசையாதே!"

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள்.

காளியப்பனின் வாயோரம் மெல்ல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"அப்பா சிரிக்கறாரு" என்றாள் சாலா.

கண் பாதி திறந்தது. மஞ்சள் கண். வஜ்ரவேலுவின் கரி படிந்த முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, அவருக்குப் பின்னால் நின்றவரிடம் வந்து நின்றது. அங்கிருந்து நகரவில்லை.

தீர்த்தகிரி குனிந்தார். "காளீ, நாந்தாண்டா" என்றார். தம்பியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மூன்று மணி சுமாருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஜான் பீ வீட்டிலிருந்து பால் கொண்டுவந்தார்கள். முதல் கரண்டியை மாதம்மாள் ஊற்றினாள், இரண்டாவதைச் சாலா. மூன்றாவதைத் தீர்த்தகிரி ஊற்றியபோது அது கடைவாய் வழியாக வழிந்து இறங்கியது. அவர் துண்டால் துடைத்தார். துடைத்த பிறகுதான் மாதம்மாளுக்கு விளங்கியது.

*

பெண்கள் கூடிவிட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாதம்மாளும் அழுதாள். தொண்டை காய்ந்து, குரல் கட்டி, இனி அழ ஒன்றுமில்லை என்று தோன்றி, மறுபடி அவன் கால்விரலைப் பார்த்ததும் அழுகை வந்தது.

நடுவில் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். தகரத் தொட்டியைக் குளம்பால் உதைக்கிற சத்தம். காலையிலிருந்து சிட்டுவுக்கு யாரும் தண்ணீர் வைக்கவில்லை.

இன்னொருமுறை உதைத்தது.

மாதம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். "எங்க எழுந்து போற? இந்நேரத்துல எழுந்திருக்கக் கூடாது, உக்காரு" என்று தீர்த்தகிரிக்குப் பின்னாலேயே இண்டூரிலிருந்து வந்திருந்த பெரியம்மாள் முந்தானையைப் பிடித்தாள். உறவு முறையில் நாத்தனார், பேச்சில் கறார். மாதம்மாள் முந்தானையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். கிணற்றில் இரண்டு வாளி சேந்தித் தொட்டியில் ஊற்றினாள். சிட்டு மூஞ்சியை முக்கி, நீளநீளமாக உறிஞ்சியது. கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்குவது தோலுக்கு மேலேயே தெரிந்தது. அதன் பிடரியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தொட்டி காலியாகும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பாடைக்கு முன்பக்கம் தீர்த்தகிரியும் உசேனும் தோள் கொடுத்தார்கள். பின்பக்கம் ஸ்டாண்டு ஆள்கள் நின்றார்கள். "நானும் கொஞ்ச தூரம் சொமக்கறனுங்க" என்று வஜ்ரவேலு கேட்டபோது பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தீர்த்தகிரி திரும்பி, "வுடுங்க, சொமக்கட்டும். கடன்பட்டவன்" என்றார்.

அவர்கள் மயானத்திலிருந்து திரும்பும்போது ஜான் பீ வீட்டு முற்றத்தில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வஜ்ரவேலு குளித்த ஈரத்தோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டார். தீர்த்தகிரி கொண்டுவந்த ராகி மாவு அண்டாவில் கொதித்தது.

"வுடுங்கம்மா. கிளப்புல தெனமும் நூறு பேருக்குச் சமைக்கறவன் நான்."

"எந்தக் கிளப்புலங்க?" என்று கேட்டாள் ஜான் பீ.

"சேலத்துல, செவ்வாப்பேட்டையில ஒரு காப்பி கிளப்புல. அந்தப் படத்துக்கப்புறம் எனக்கு ஒருத்தரும் வூடு வாடகைக்கு வுடல. வெசம் வைக்கச் சொன்னவன்னு சின்னப்புள்ளைங்க கல்லெடுத்து அடிக்கும். வேற வேஷமும் வரல. தோசை சுடக் கத்துக்கிட்டேன். பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கேன். முறுகலா சுட்டா மூணு தெரு தள்ளி இருந்து ஆளு வருது."

வேலியோரம் நின்றிருந்த மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அந்தத் தோழிப்பொண்ணா வந்துச்சே, அது?"

"கமலமா? திருப்பத்தூர்ல ஒரு தையக்காரர கட்டிக்கிச்சு. மூணு புள்ளைங்க. செறைக்காவலா வந்தாரே, அவுரு பழனியில அடிவாரத்துல ஒரு மடத்துல இருக்காரு." துடுப்பைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "காளியப்பன் சேலம் வர்றப்பல்லாம் ஒவ்வொருத்தரையா விசாரிப்பான். யாரு எப்படி இருக்காங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்கன்னு. ராசகுமாரனப் பத்தி மட்டும் கேட்டதே இல்ல."

வண்டியில் ஏறியவர்களைச் சிரிக்கவைக்க அவன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்! மாதம்மாள் வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தெருப் பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு பிள்ளையும் கஞ்சி லோட்டாவை வாங்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் டெண்டில் அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். மத்தியானம் கேட்ட குரலைப் பிள்ளைகள் மறக்கவில்லை. "வெசம் கலக்கச் சொன்ன ஆளு" என்று ஒன்று இன்னொன்றின் காதில் சொன்னது. வஜ்ரவேலு பார்த்தார். ஒரு லோட்டா ஊற்றித் தானே முதலில் குடித்துக் காட்டினார். "பாருங்க, சாவல." அப்போதும் யாரும் கை நீட்டவில்லை. சாலா எழுந்து போய் இரண்டு கையாலும் லோட்டாவை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, "உப்பு பத்தல" என்றாள். அதற்குப் பிறகு அத்தனை கையும் நீண்டது.

இண்டூர் ஆள்கள் இரண்டு பேர் ஜான் பீ வீட்டு அடுப்பில் வெந்தது என்று தள்ளி நின்றார்கள். தீர்த்தகிரி போய் லோட்டாவை வாங்கி, நின்றபடியே குடித்தார். இரண்டாவது தடவையும் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்தார்கள்.

*

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். பெரியம்மாளும் மற்றவர்களும் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். உசேன் வீட்டில் தங்கியிருந்த வஜ்ரவேலுவும் பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ள வந்தார்.

தீர்த்தகிரி வாசல்படியில் உட்கார்ந்து தலை துவட்டினார். துவட்டி முடித்துத் துண்டை உதறி மடித்தார். எதிர்ச் சுவரைப் பார்த்து, "பொறப்படலாமா?" என்றார்.

சாலா அம்மாவைப் பார்த்தாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

மாதம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நாங்க வரலீங்க. இங்கியே இருந்துக்கறோம். உசேன் தம்பி வண்டிக்கு அச்சு முறிஞ்சு ரெண்டு மாசமா சும்மாதான் நிக்குது. நம்ம வண்டிய அவுரு ஓட்டட்டும். சிட்டுவ நான் பாத்துக்குவேன். தேய்க்கறது, தீனி வைக்கறது, லாடம் பாக்கறது எல்லாம் எனக்குத் தெரியும். இவ பள்ளிக்கூடம் போறா, அது நிக்க வேணாம்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்ங்க."

தீர்த்தகிரி மடித்த துண்டைப் பிரித்தார். மறுபடி மடித்தார். உசேன் குதிரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு காது கேளாதவன் மாதிரி நின்றான். அவர் இல்லையென்று சொல்லிவிட்டால் எதிர்த்து நிற்க மாதம்மாளிடம் வேறு பேச்சு இருக்கவில்லை. ஆனால் மூன்று நாளாகக் கேட்க நினைத்த ஒன்று இருந்தது. கேட்டாள்.

"அந்தப் படத்த எத்தன தடவ பாத்தீங்க மாமா?"

அவர் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலு" என்றார். கொஞ்சம் கழித்து, "நாலு தடவையும் அந்த எடம் வர்றதுக்கு முன்னாடி எழுந்து வந்துடணும்னுதான் பாப்பேன்..." என்று இழுத்து, அத்துடன் நிறுத்திவிட்டார். எழுந்து முற்றத்தில் இறங்கி, சிட்டுவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதன் விலா எலும்பைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிப்பவர் பார்க்கிற பார்வை.

"எளச்சிருக்குது."

"ஆமாங்க. சரியா திங்கல."

"தெனம் எவ்வளவு கொள்ளு புடிக்கும் இதுக்கு?"

"வேலைக்குப் போற நாள்ல ஒன்னரப் படிங்க."

அவர் மனசுக்குள் எதையோ யோசிப்பது தெரிந்தது. "இந்த வருஷம் கொள்ளு நல்லா புடிச்சிருக்கு" என்றார். "அறுப்பு முடிஞ்சதும் கொண்டாந்து போடறேன். அதுவரைக்கும் வூட்டுல இருக்கறத ஆளு கிட்ட குடுத்தனுப்பறேன். பள்ளிக்கூடம் லீவு வுட்டா புள்ளைய அனுப்பு. எங்கூட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருக்கா."

"சரிங்க மாமா."

உசேன் வண்டியைப் பூட்டினான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சிட்டு இன்றைக்குத்தான் தெருவில் இறங்குகிறது. வஜ்ரவேலு பையோடு பின்பக்கம் ஏறிக்கொண்டார். தீர்த்தகிரி செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் நடந்தே போயிக்கறேன்" என்றார்.

"இண்டூர் ரோடு வரைக்கும் வுட்டுடறனுங்க. வாங்க, ஏறுங்க" என்றான் உசேன்.

ஒரு கணம் நின்றார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியில் கால் வைக்கத் தெரியாமல் இரண்டு தரம் தடுமாறி, ஏறினார். தம்பியின் வண்டியில் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை. வஜ்ரவேலு இந்த ஓரம், அவர் அந்த ஓரம், இரண்டு பேரும் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். வண்டி பின்னால் சாய்ந்தது. முன்கட்டைகள் குதிரையின் முதுகைவிட்டு மேலே எழும்பின. சிட்டு தலையைத் தூக்கிக் கனைத்தது.

"என்னங்க இது, ரெண்டு பெரிய மனுசங்களும் பின்னாடியே உக்காந்துக்கிட்டா? குதிரை அந்தரத்துல தொங்கும். உள்ள தள்ளி உக்காருங்க, இன்னும் கொஞ்சம், இன்னும்" என்று உசேன் அதட்டினான்.

இரண்டு பேரும் வைக்கோல் மெத்தைமேல் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தார்கள். ஜட்காவுக்குள் இடம் கொஞ்சம்தான். முட்டி முட்டியோடு இடித்தது. தோள் தோளோடு ஒட்டியது. முன்கட்டைகள் இறங்கிச் சமமாக நின்றன.

மாதம்மாள் சாலாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உசேன் நாக்கைத் தட்டினான். சிட்டு ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, முன்னங்காலை எடுத்து வைத்தது.